சத்தம் கூடினால் தாடை வலிக்கும்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சாய்வு நாற்காலியில் நான். எனக்கு வலப்பக்கம் ஸ்டூலில் அம்மா. கதவருகே, உட்காரச் சொல்லியும் உட்காராமல், எக்ஸ்ரே கவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்பா. ஒரு பெண் டாக்டர். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட பல் மருத்துவ மாணவர்கள் சிலர்.

இல்லாதவள் என் தங்கை ரேவதி. அவள் வீட்டில் இருந்தாள். அந்த வாரம் சனிக்கிழமை எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதாக ஏற்பாடு. அதே கிளினிக்கில் அதற்கு முன்பு எனக்கு இரண்டு பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். எனக்கு வலி போகவில்லை. வாய்தான் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்தது.

நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ரேவதி பத்தாவது.

டாக்டர் என் காதுகளுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்து, "மெதுவா திற, மூடு, திற" என்றார். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. அவர் விரலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "எப்பப்பா வலி அதிகமாகும்? சாப்பிடும்போதா, காலையில எழுந்திருக்கும்போதா?"

யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "டிவி சத்தம் அதிகமாச்சின்னா, மேடம்."

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, எதிர்பாராமல் வருகிற சிரிப்பு. ஆனாலும் எனக்குக் காது வரை சூடேறியது. டாக்டர் திரும்பி அவர்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சாதாரணமாக, வயது கேட்கிற மாதிரி கேட்டார்:

"வீட்ல சண்டை வருமா?"

அந்தக் கேள்விக்கு எங்களில் யார் என்ன பதில் சொன்னோம் என்பதற்கு முன், வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தில் சிரிக்காதவன்

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடருக்கு மேலே வாராவாரம் என் படம் வருகிறது. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "தம்பி, இத்தனை வாரமாகப் பார்க்கிறேன், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறீர்களே, போட்டோகிராபர் மீது கோபமா?"

கோபமில்லை அம்மா. என் முகம் சும்மா இருக்கும்போது அப்படித்தான் இருக்கும். அதற்கான காரணத்தை எழுதலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டேன். வண்டிக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டு, "எழுது. எம் பேர மட்டும் போடாத" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "எழுதுவியோ இன்னா பண்ணுவியோ. எனக்குப் படிச்சிக் காட்டாத" என்றாள்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அடுத்தவள் ரேவதி. எழுதத் தெரிந்தவன் முதலில் வீட்டைத்தான் எழுதுகிறான். அது சரியா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

மல்லிகா அக்கா வீட்டு டிவி

எங்கள் வீடு திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், ஹவுஸிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடி. ஒரு அறை, ஒரு அடுப்படி. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் கேஸ் வாடை, கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாட்டு வாடை. எந்த வாடையும் இல்லாத நாளில்தான் அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சி இன்னைக்கி?" என்பாள்.

அப்பா ட்ரெய்லர் லாரி ஓட்டுபவர். துறைமுகத்துக்குள் நுழைய எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். இரவெல்லாம் அந்த வரிசையில் ஊர்ந்து, பெட்டியை இறக்கிவிட்டு, மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வீட்டுக்கு வருவார். அதனால் எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாமே பகலில் நடந்தவை. ஜன்னல் வழியே வெயில் நன்றாக விழுந்திருக்கும். எல்லாம் தெளிவாகத் தெரியும்.

காரணம் என்று ஒன்று வேண்டியதில்லை. குழம்பு ஆறியிருந்தது, அம்மா போனில் யாரிடமோ சிரித்தாள், அம்மா ஒன்றுமே பேசாமல் இருந்தாள். எது வேண்டுமானாலும் போதும். குடித்திருந்தாலும் அடிப்பார், குடிக்காமல் இருந்தாலும் அடிப்பார். என்னையும் ரேவதியையும் ஒரு நாளும் தொட்டதில்லை. அதை அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். "எம் புள்ளைங்க மேல ஒரு தபா கை வெச்சிருப்பனா? கேட்டுப் பாரு."

முதல் பாத்திரம் உருண்டதும், பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா தன் வீட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

எங்கள் பிளாக்கில் அது ஒரு மரியாதை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு வீட்டில் அடி விழ ஆரம்பித்தால் அக்கம்பக்கத்து வீடுகள் டிவியைக் கூட்டிவிட வேண்டும். அழுகிற சத்தம் படிக்கட்டு வரை போகக் கூடாது. மறுநாள் குழாயடியில் நிற்கும்போது, "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்ற முகத்தோடு நிற்க இரண்டு தரப்புக்கும் அது வசதி.

மல்லிகா அக்கா வீட்டில் அவர் புருஷன் ஆரம்பித்தால் அது எங்கள் முறை. ரப்பர் பேண்டு சுற்றிய ரிமோட்டை அம்மாவே தேடி எடுப்பாள். "பாவம்டா அது. வெளிய தல காட்டணும் இல்ல." சத்தம் வைத்துவிட்டு, டிவியைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

கீழே புதிதாகக் குடிவந்த ஒருவர் ஒரு நாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "இன்னாம்மா, வரிசையா எல்லா வூட்லயும் டிவி அலறுது. மேட்ச்சா?"

"ஆமாண்ணா, ஃபைனல்" என்றாள் அம்மா.

"ஸ்கோர் இன்னா?"

அம்மா விழித்தாள். உள்ளேயிருந்து ரேவதி, "நூத்தி பதினாலுக்கு மூணு" என்று குரல் கொடுத்தாள். அவர் திருப்தியாக இறங்கிப் போனார். நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பக்கத்து வீட்டில் மல்லிகா அக்கா இன்னமும் அடி வாங்கிக்கொண்டிருந்தார். சிரித்தது இப்போது நினைவு வரும்போதெல்லாம் எழுந்து எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது.

நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரு முறை நடுவில் போனேன். அப்பா என்னை அடிக்கவில்லை. இரண்டு தோளையும் பிடித்து, ஒரு நாற்காலியை நகர்த்தி வைப்பது போல ஓரமாக நிற்க வைத்தார். பிறகு, நான் நடுவில் வந்ததற்கும் சேர்த்து அம்மாவை அடித்தார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. ரேவதியும் நானும் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். எல்லாம் முடிந்து பக்கத்து வீட்டு டிவி தணிந்த பிறகுதான், என் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருப்பது எனக்குத் தெரியும். கழற்றுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

நாளடைவில் சண்டையே வேண்டாம், டிவி சத்தம் மட்டும் போதும் என்றாகிவிட்டது. டீக்கடையில் மாஸ்டர் பாட்டுக்குச் சத்தம் வைப்பார். கையில் கிளாஸோடு நின்றுகொண்டிருக்கும் எனக்குக் காதோரம் சுருக்கென்று இழுக்கும்.

தெருவில் பார்த்தது

வடசென்னை என்றாலே வெட்டு, குத்து என்று நினைப்பவர்கள் உண்டு. அதையும் பார்த்திருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிவிட்டு வரும் வழியில் ஒரு ஆளை நாலு பேர் கத்தியோடு துரத்தினார்கள். நாங்கள் மூடியிருந்த கடையின் ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். ஓடும்போது கழன்ற அவன் செருப்பில் ஒன்று எங்கள் காலடியில் கிடந்தது.

மறுநாள் வகுப்பில் அதே பேச்சுதான். என் தோஸ்து யூசுப், நாலு பேரை எட்டு பேராக்கினான். இன்னொருத்தன் கத்தியை அரிவாளாக்கினான். அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லி, பயம் கரைந்து அது ஒரு கதையாகிவிட்டது. அதற்காக எனக்குத் தாடை வலித்ததில்லை.

வீட்டில் பார்த்ததை யாரிடம் சொல்வது? யூசுப்பிடம்கூடச் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் 'குடும்ப வன்முறை' என்று ஒரு பாடம் வந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி. நன்றாகப் படித்து, முழு மதிப்பெண் வாங்கினேன். அது எங்கள் வீட்டைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வலித்தால் பிடுங்கு

முதலில் இட்லி மட்டும் வலிக்காமல் இறங்கியது. பிறகு அதுவும் இல்லை. மதிய உணவு நேரத்தில் நான் சோற்றை உருட்டி உருட்டி முன்பல்லால் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து யூசுப், "இன்னா மாமு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வாயத் தொறக்காம துன்னுகினு கீற?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு.

எங்கள் பக்கத்தில் பல் வைத்தியம் என்றால் ஒன்றுதான். வலித்தால் பிடுங்கு. வேர் சிகிச்சைக்கு நாலைந்து முறை போக வேண்டும், அதற்கு யாருக்கு நேரம்? அப்பாவுக்கு நாற்பது வயதுக்குள் கீழ்வரிசையில் பாதி இல்லை. பிடுங்கிய பல் மறுபடி வலிக்காது என்பது எங்களுக்கு ஒரு பெரிய நிம்மதி.

அம்மா என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. வாயைப் பார்த்துவிட்டு, "தாடையில எங்கயாவது அடிபட்டுச்சா? மனசுல எதாவது டென்ஷனா? தூக்கத்துல பல்லக் கடிக்கிறானா?" என்று வரிசையாகக் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. "அப்ப இந்தக் கடைசிப் பல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "எடுத்துடுங்க டாக்டர். நிம்மதியா இருப்பான்."

எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. பல் என்றால் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். குழாயடியில் சொல்லலாம், பள்ளியில் லீவ் லெட்டரில் எழுதலாம். கன்னம் வீங்கிப் படியேறி வந்தபோது மல்லிகா அக்கா, "இன்னாடா ராஜா, பல்லா?" என்று பரிவோடு கேட்டார். அந்தப் படிக்கட்டில் கன்னம் வீங்கி ஏறிய ஒருவரிடம் உண்மையான காரணத்தைக் கேட்க முடிந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு பல்லும் போனது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. வாய் பூட்டிக்கொண்டதுதான் புதிது. கிளினிக் டாக்டரே, "எனக்கு ஒண்ணும் புரியல, பெரிய பல் ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

அதே நாட்களில் ரேவதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். காதுக்கு முன்னால், சரியாக என் இடத்தில். அம்மா அவளையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ஒரு பல்லில் சின்னதாகக் கறுப்பு. அடைத்தும் விடலாம், எடுத்தும் விடலாம் என்றாராம். எடுக்கச் சொல்லி, அம்மா சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டு வந்தாள்.

பேசத் தெரிந்த பிள்ளை

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அப்பாவின் வண்டி ரிப்பேருக்காக ஷெட்டில் நின்றிருந்தது. அதனால் அவரும் வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சீட்டு வாங்கும் வரிசையில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "பையன் பிளஸ் டூ. டாக்டராண்ட அவனே பேசிப்பான், இங்கிலீசுலயே" என்றார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வாய் திறந்து ஒரு வணக்கம் சொல்வதே சிரமம்.

எங்கே போனாலும் எங்கள் வீட்டுக்காக நான்தான் பேசுவேன். ரேஷன் கடை, பேங்க், மின்சார ஆபீஸ். அப்பா பின்னால் கை கட்டி நின்று நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரங்களில் அவர் முகம் அவ்வளவு மிருதுவாக இருக்கும். அதே முகம்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

மூன்று பதில்கள்

"வீட்ல சண்டை வருமா?"

அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். நல்ல குடும்பம். பல்லுதான் வலி."

டாக்டர் தலையசைத்துவிட்டு விளக்கைச் சரிசெய்யத் திரும்பினார். அப்போது கதவருகிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"கீது டாக்டர்."

எல்லோரும் திரும்பினோம். அவர் எக்ஸ்ரே கவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான்தான். இவள அடிப்பேன். பசங்கள இல்ல. பசங்க பாத்துகினு இருக்கும்."

அவர் ஏன் சொன்னார் என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "அந்தம்மா கேட்டுச்சி, சொன்னேன்" என்றார்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "சொம்மா சொல்றாரு டாக்டர். தூங்காத வண்டி ஓட்றவரு. இன்னா பேசறோம்னே தெரியாது அவருக்கு." அப்பா பக்கம் திரும்பி, பல்லிடுக்கில், "கம்முனு இரு" என்றாள். அவள் அவரை அப்படி அதட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா."

ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா, நடுவில் ரேவதியின் சனிக்கிழமை. நான் பேசாமல் இருந்தால் அவளுக்கும் பல் போகும், அவளுக்கும் வலி போகாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு விரல் அகலம் திறக்கிற வாயால் சொன்னேன்.

"அப்பா சொல்றது உண்மதான் மேடம். அவர் அம்மாவ அடிப்பாரு. அப்ப பக்கத்து வீட்ல டிவி சத்தமா வெப்பாங்க. என் தங்கச்சிக்கும் இதே எடத்துல வலிக்குது. சனிக்கிழம அவளுக்குப் பல்லு எடுக்கப் போறாங்க."

அம்மா முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். அன்று அவள் கன்னத்தில் ஒன்றுமே இல்லை.

டாக்டர் மாணவர்களை வெளியே நிற்கச் சொன்னார். அதற்குள் கேட்க வேண்டியதை அவர்கள் கேட்டுவிட்டிருந்தார்கள். சிரித்தவர்களில் ஒருவன், என்னைவிட மூன்று நாலு வயதுதான் மூத்தவனாக இருப்பான், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே போனான். என்னை அவன் அப்படிப் பார்க்காமல் போனதுதான் சிரித்ததைவிட எனக்கு வலித்தது. சரியானதைச் சொன்னேன் என்று ஒரு பக்கம் தெரிகிறது. இன்னொரு பக்கம், நாலு பேர் நடுவில் அம்மாவின் புடவையை நானே பிடித்து இழுத்துவிட்டது போல உடம்பு கூசுகிறது. இரண்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

டாக்டர் விளக்கினார். காதுக்கு முன்னால் தாடையை மாட்டியிருக்கும் மூட்டு. அதை அசைக்கும் தசை. "ஒரு கைய நாள் முழுக்க முஷ்டி மடக்கி வெச்சிருந்தா வலிக்கும்ல? இவன் வாய அப்படி வெச்சிருக்கான். பகல்ல தெரியாம, தூக்கத்துலயும். பயத்துலயே வளர்ற பிள்ளைங்க சில பேர் இந்த வலியோட வர்றாங்க. எல்லாரும் பல்லுன்னுதான் நெனக்கிறாங்க." எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எடுத்த ரெண்டு பல்லும் நல்ல பல்லுதான்னு தோணுது."

தூங்கும்போது பல்வரிசை மேல் மாட்டிக்கொள்ள ஒரு பிளேட்டுக்கு அளவெடுத்தார்கள். தாடைக்குப் பயிற்சி சொன்னார்கள். "தங்கச்சிய இங்க கூட்டிட்டு வாங்க. பல்ல எடுத்துடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். அம்மாவின் கையைத் தொட்டு, "உங்களுக்கு எதாவது உதவி வேணுமாம்மா?" என்றார்.

"எனக்கு இன்னா உதவி. பஸ்சுக்கு நேரமாச்சி" என்றாள் அம்மா.

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் நானும் பின்னால் நின்றோம். ராயபுரம் தாண்டிய பிறகு அப்பா வாயைத் திறந்தார். "நானே சொல்றேன், அவ இல்லன்றா பாத்தியா."

அவர் குரலில் வருத்தம் இருந்தது. தான் உண்மை சொன்னதை அவள் மதிக்கவில்லை என்கிற வருத்தம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை

சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். இரவு போன அப்பா இன்னமும் வண்டியோடு துறைமுக வரிசையில் நின்றிருந்தார். மதியம் நான் திரும்பி வந்தபோது ரேவதி எங்கள் வீட்டு வாசலுக்கு நாலு படி கீழே உட்கார்ந்திருந்தாள். வாயில் பஞ்சு. கைக்குட்டையில் ரத்தம்.

நான் மேலே பார்த்தேன். அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"சொத்தப் பல்லு" என்றாள். "டாக்டரு கண்ணாடி வெச்சிக் காட்னாரு, கருப்பா இருந்துச்சி. பல்லு வலிச்சிது, பல்ல எடுத்தாச்சி. அவ்ளோதான்." என்னிடம் பேசுவதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. மல்லிகா அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. எதிர் வீட்டுக் கதவும்.

அந்தப் படிக்கட்டில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கள் வீட்டில் நடப்பது தெரியும். தெரியாத மாதிரி இருக்கத்தான் டிவி. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் முன்னால் சத்தத்தை மூட அம்மாவுக்கு ஒரு டிவி கிடைக்கவில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எல்லாம் பல்லால் வந்தது என்று எங்கேயாவது, யார் முன்னாலாவது அவள் நிரூபித்தாக வேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பல் போயிருக்கும். திறந்ததால்தான் இவ்வளவு பிடிவாதமாகப் போயிற்றோ என்றும் தோன்றும்.

நான் படியில் ரேவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வலி போச்சா?" என்றேன்.

அவள் பேச முடியாமல், காதுக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டினாள். அங்கேயே இருக்கிறது.

மறுபடியும்

அம்மா என்னோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை. தட்டை வைப்பாள், குழம்பை ஊற்றுவாள், அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு மட்டும் சோற்றைக் குழைய வடித்தாள்.

அப்பா சில நாள் கையை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பகலில் மறுபடி நடந்தது. மல்லிகா அக்கா டிவியைக் கூட்டினார். பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேவதியைப் பார்த்தேன். அவள் கன்னத்தில் தசை கெட்டியாகத் துருத்திக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அம்மா தானாகவே, "அந்த ஆஸ்பத்திரில எந்தக் கெழமன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

இந்த முறை நாங்கள் மூவர்தான் போனோம். அதே டாக்டர். மாணவர்கள் யாரும் இல்லை. நாற்காலியில் ரேவதி. டாக்டர் அவள் தாடையில் விரல் வைத்துத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். பிறகு அதே சாதாரணக் குரலில், "வீட்ல இன்னமும் சண்டை வருதாம்மா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் ரேவதி. "நல்ல குடும்பம். பல்லுதான் வலி."

முதல் நாள் அவள் அந்த அறையில் இல்லை. அம்மா என்ன சொன்னாள் என்று அவளிடம் யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் அதே வார்த்தைகள், அதே இழுப்பு. தலையை ஆட்டியதுகூட அப்படியே.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை மடியில் கிடந்தது. அதை எடுக்கவில்லை.

"பொய் சொல்றா டாக்டர்" என்றாள் மெதுவாக. "அடிப்பாரு. போன வாரங்கூட அடிச்சாரு. இதுங்க ரெண்டும் பீரோவாண்ட குந்திகினு பாக்கும். எனக்கும் இங்கதான் வலிக்கும்." காதுக்கு முன்னால் தொட்டுக் காட்டினாள். "நான் ஒரு பக்கமாதான் மெல்லுவேன். ரொம்ப வருஷமா."

ரேவதி அழ ஆரம்பித்தாள். நான் சுவரில் தொங்கிய பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு நடந்தவை நீளமானவை. ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். பெரியப்பா வீட்டில் கொஞ்ச காலம் இருந்தோம். அப்பா வந்து கூப்பிட்டார், அம்மா உடனே போகவில்லை. இப்போது அவர் அடிப்பதில்லை. திருந்திவிட்டேன் என்று அவர் சொல்கிறார். வயதாகிவிட்டது என்று அம்மா சொல்கிறாள். எனக்கும் ரேவதிக்கும் வாய் ஓரளவு திறக்கிறது. பிளேட் இல்லாமல் தூங்கினால் காலையில் தெரிந்துவிடும்.

அன்று அந்த அறையில், அழுகை அடங்கியபின் டாக்டர் ரேவதியின் வாயில் விளக்கடித்துப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்த குழியின் மேல் வெளிச்சம் நின்றது. அவர் திட்டவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "உங்க வீட்ல பிள்ளைங்களுக்கு மொத்தம் எத்தன பல்லும்மா எடுத்திருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு டாக்டர்" என்றாள் அம்மா. "இவனுது ரெண்டு, இவுளுது ஒண்ணு. மூணும் நல்ல பல்லு."